என் வான் நம்பரைப் பார்த்தது யார்?

பிள்ளைகளே, அலுவலகங்களில் ஆட்களைச் சந்திக்கிற பொதுமக்கள் தினம் வந்தால் அப்பா ஏன் வேலையைப் போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போகிறார் என்று கேட்டீர்கள். ஓ.எல். சோதனை எழுதியதோடு என் படிப்பு சரி. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் ஓடுவது ஸ்கூல் வான். காலையில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி வெள்ளவத்தையில் இறக்குவேன். பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அதில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவளுடைய தாய், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி முகத்துவாரத்தில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் அறை எடுத்திருந்தார். அந்த இடம் தாயின் அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும். ஒருமுறை அந்தப் புருஷன் மோட்டார் சைக்கிளில் வானுக்குப் பின்னால் வந்தான். கண்ணாடியில் கண்டுவிட்டேன். பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் திருப்பி, அவன் தொலையும்வரை சுற்றினேன்.

இரண்டு கிழமை கழித்து, நான் போய்ச் சேர முன்னமே அவன் சந்தியில் அந்த ஒழுங்கை வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றான். நான் வான் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியில் தட்டிச் சிரித்தான்.

"அண்ணே, நீ எங்க சுத்தினாலும் எனக்கென்ன? கமரா ஒபிசில இருக்கிற என்ட கூட்டாளி உன்ட நம்பரை அடிச்சுப் பாத்தவன். ஒவ்வொரு நாளும் மூண்டரைக்கு இந்தச் சந்தி!"

சிறுமி சீட்டுக்குக் கீழே இறங்கிப் படுத்துவிட்டாள். வானை நிற்பாட்டாமல் ஓடி, அவளைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அந்தச் சந்தியில் நம்பர் பிளேட் பிடிக்கிற கமராவைப் பொருத்திய நாள் எனக்கு ஞாபகம். ஒரு கம்பத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, பாற்சோறும் தின்றார்கள். களவு போன வாகனம் பிடிக்கவாம்.

ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு, பொதுமக்கள் தினம் பார்த்து அந்தக் கமராவை நடத்துகிற அலுவலகத்துக்குப் போனேன். கமராவில் விழுகிற நம்பரை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? யார் யார் பார்க்கலாம்? என் நம்பரைப் பார்த்தது யார்?

அதிகாரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே வாசித்தார்.

"இது செக்கியூரிட்டி விஷயம். வெளியில சொல்லேலாது."

"சேர், என்ட நம்பரைப் பாத்தது ஆரெண்டு எனக்கே சொல்லேலாதோ?"

"ஒருத்தரும் பாக்கிறேல்லை. மெஷின்தான் பாக்கும்."

"அப்ப மெஷினோ அந்த மனுசனுக்கு கோல் எடுத்துச் சொன்னது?"

பக்கத்து மேசைக்காரி சிரித்துவிட்டாள். அதிகாரிக்குக் கோபம் வந்தது.

"வான் ஓடுறதை விட்டிட்டு லோயரா வந்திட்டீரோ? களவெடுக்காத ஆளுக்கு என்னத்துக்குப் பயம்?"

"பயம் ஏழு வயசுப் பிள்ளைக்கு, சேர். அவ என்னத்தைக் களவெடுத்தவ?"

அவர் தாளை என் பக்கம் தள்ளி, நாளைக்கு வரச் சொல்லிச் சிங்களத்தில், "ஹெட்ட எண்ட" என்றார். நாளைக்கு அங்கே பொதுமக்களை எடுக்கவே மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

பதில் தெரியாததை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் எத்தனையோ தெரியாது. தன் அலுவலகத்துக்குள் யார் எதைத் தட்டிப் பார்க்கிறான் என்று தெரியாமல் இருந்துகொண்டு, அந்த அறியாமைக்கு இரகசியம் என்று பெயர் வைத்துக் கதிரையில் சாய்கிறாரே, அதுதான் கேவலம். எங்களிடம் எதற்கும் அடையாள அட்டை கேட்பார்கள், அதற்கும் இரண்டு போட்டோகொப்பி கேட்பார்கள். நாங்கள் ஒரு கடுதாசி கேட்டால் மட்டும் நாடு ஆபத்தில் விழுந்துவிடும்.

அந்தக் கிழமையே தாய் அறையை விட்டார். வானில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்தவரிடம் கேட்டேன்.

"எங்க போறியள், தங்கச்சி? அங்கயும் நான் வந்து ஏத்துவன்."

"வேண்டாம் அண்ணா. உங்களில நம்பிக்கை இல்லாமல் இல்லை. உங்கட வான் போற இடமெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிடுது. உங்களுக்கும் சொல்ல மாட்டன்."

போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார்.

அடுத்த பொதுமக்கள் தினம் அதே மூன்று கேள்வியைத் திரும்ப எழுதிக் கொண்டுபோனேன். முத்திரை குத்தி ஒரு பிரதி கையில் தரும்வரை எழும்பவில்லை. இன்னும் பதில் இல்லை. வந்தாலும் அதை அந்தத் தாய்க்கு அனுப்ப என்னிடம் விலாசம் இல்லை. அது தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். வானில் இன்னும் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் நீங்கள் இரண்டு பேர்.