அத்தை பார்த்த ஒல்லி ராஜா

எந்தத் தியேட்டரில் போய் உட்கார்ந்தாலும், படம் தொடங்கியதும் நான் முதலில் தேடுவது வட்டமான ஏதாவது ஒன்றை. நிலா, வண்டிச் சக்கரம், சாப்பாட்டுத் தட்டு, எதுவாக இருந்தாலும் சரி. அது வட்டமாகத்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே சாய்ந்து உட்காருவேன். என் மகள் இதைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் அத்தையிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி இது, மருந்து கிடையாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் மதுரையை ஒட்டிய கோச்சடையில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு வட்டமும் சதுரமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் சபையின் மாத இதழுக்கு விமர்சனம் எழுதுவாள். மரண அறிவிப்புகளுக்கு அடுத்த பக்கம் அவளுடையது. கிறிஸ்மஸ் நாடகம், பள்ளி ஆண்டு விழா, பிள்ளைகளைக் கூட்டிப் போகத் தகுந்த சினிமா என்று எதையும் விடமாட்டாள்.

படம் எப்படி என்று சொல்வதோடு அத்தைக்குத் திருப்தி வராது. திரையில் கறை இருக்கிறதா, பேச்சு பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா, கடைசிக் காட்சி முடிவதற்குள் விளக்கைப் போட்டு ஆட்களை விரட்டுகிறார்களா என்பதெல்லாம் எழுதியாக வேண்டும். இதற்காக இடைவேளைக்குப் பிறகு வேறு வரிசைக்கு மாறி உட்காருவாள். கூடப் போகிற நானும் முறுக்குப் பொட்டலத்தோடு இடம் மாற வேண்டும். இதழ் அச்சாகி வந்த அன்று கேட்டிலேயே நின்று தன் பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். அந்த நேரத்து முகத்தை நான் வேறு எப்போதும் அவளிடம் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அத்தை என்ன ஆவாள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது.

பயப்படக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தின கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடித்தவர் வாலிபர் சங்கத்துச் செயலாளர் அண்ணன். குழந்தைகளைக் கொல்லச் சொல்லி ஆணையிடும் கட்டத்தில் அவர் கையைத் தூக்க, அங்கியின் கை விலகி, உள்ளே பளபளவென்று ஒரு கைக்கடிகாரம் தெரிந்தது. ராஜா அதில் மணியும் பார்த்துவிட்டார். மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். அத்தை எழுதிவிட்டாள். பெத்லகேமுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று ராஜா கவலைப்பட்டதாகத் தெரிகிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரி செயலாளர் அண்ணனை ஊரெல்லாம் துரத்தியது. சங்கத்து அண்ணன்மார் போதகரிடம் போய் முறையிட்டார்கள். போதகர் நல்ல மனுஷர்; அத்தையைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படிப் பஞ்சாயத்து வந்தால் அந்தப் பக்கத்தை நிறுத்தும்படி ஆகிவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் அளந்து எழுதினாள்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில்தான் பொம்மைப் படம் வந்தது. பரவையைத் தாண்டி சமயநல்லூர் போகிற வழியில், வயலுக்கு நடுவே ஒரு பழைய தியேட்டர். பரவைக் காய்கறி மார்க்கெட்டுக்கு வருகிறவர்களை நம்பி நடந்த தியேட்டர் அது. பிள்ளைகளை இழுக்கலாம் என்று அதன் முதலாளி, வெளிநாட்டுக் கார்ட்டூன் பொம்மைப் படம் ஒன்றைத் தமிழ் பேசவைத்த பிரதியாக வாங்கிக் காலைக் காட்சி போட்டார். அவர் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் அத்தையிடம் கணக்குப் படித்தவர்கள். டீச்சர் வந்து பார்த்து நாலு வரி எழுதினால் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அனுப்பும் என்று வீடு தேடி வந்து அழைத்தார். நாங்கள் பஸ் மாறிப் போனோம்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு ராஜா, அவருடைய சமையல்காரர், சமையல்காரரின் மகள். மூன்று பேருமே தென்னை மரம் மாதிரி நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார்கள். அவர்களுடைய குதிரையும் ஒல்லி, பூனையும் ஒல்லி. நிலா முட்டை வடிவத்தில் எழும்பியது. வண்டிச் சக்கரங்களும் முட்டை வடிவம்தான். ஆனாலும் தடுமாறாமல் உருண்டன. அந்த ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரையின் இரண்டு ஓரத்திலும் படம் இல்லாமல் கறுப்பாக இருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

அத்தை அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு இடம் மாறவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மாத இதழில் அவள் எழுதியதை இன்றைக்கும் நான் பாதி ஒப்பிப்பேன். நம் ஆலயத்துக் கண்ணாடி ஜன்னல்களில் நிற்கும் அப்போஸ்தலர்களைப் போல இந்தப் படத்தின் மனிதர்கள் மேல்நோக்கி நீண்டிருக்கிறார்கள், பரலோகத்துக்கு ஏங்கும் ஆத்துமாவை ஓவியர் உடம்பாகவே வரைந்துவிட்டார், இவர்களது வண்டிச் சக்கரங்கள்கூட வானத்தைப் பார்த்து ஏங்குகின்றன என்று போயிற்று அது. முடிவில், திரையிடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு வரி. அத்தை எந்தத் தியேட்டருக்கும் அப்படி ஒரு வரி கொடுத்ததில்லை. அதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அனுப்பின. சனி, ஞாயிறு காலைக் காட்சி தொடர்ந்து ஓடியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வேப்ப மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். செயலாளர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஆங்கிலப் பத்திரிகையின் சிறுவர் பக்கம். அதில் அந்தப் படத்தின் ராஜாவும் சமையல்காரரும் மகளும் வண்ணத்தில் நின்றார்கள். ராஜா அரிசி மூட்டை மாதிரி இருந்தார். சமையல்காரருக்குக் கழுத்தே இல்லை.

"டீச்சர், உங்க அப்போஸ்தலர்க எம்புட்டு குண்டா இருக்காங்கன்னு பாருங்க" என்றார் அவர்.

மரத்தடியே சிரித்தது. அண்ணன்மாரில் ஒருவர் மதுரைக்குள்ளே ஒரு தியேட்டரில் அதே படத்தைப் பார்த்திருந்தார். அங்கே எல்லாரும் குண்டாகத்தான் இருந்தார்களாம். அத்தை அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது. பிறகு, இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா தம்பி என்று கேட்டு வாங்கி, மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி நின்ற போதகர் தரையைப் பார்த்தார். இதழில் அத்தையின் பக்கம் இனி வராது என்று எனக்கே தெரிந்தது. யாரிடம் என்று இல்லாமல் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை காலையில் அத்தை மறுபடியும் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் நேரே ஆபரேட்டர் அறைப் படியில் ஏறினாள். ஆபரேட்டர் வயசானவர். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அகலத் திரைக்கு எடுக்கிற ஸ்கோப் படத்தில் ஆட்களைப் பக்கவாட்டில் ஒடுக்கித்தான் பதிந்திருப்பார்கள், அதை விரித்துக் காட்டுவதற்குத் தனி லென்ஸ் உண்டு, அது பழுது பார்க்கப் போயிருந்தது, ஆகவே சாதா லென்ஸில் ஓட்டினேன் என்றார். லென்ஸ் திரும்பி வந்துவிட்டதா என்று அத்தை கேட்டாள். வந்து ஒரு வாரமாகிறது என்றார்.

"பெறகு ஏன்ணே மாட்டல?"

"ஆளுக நடிச்ச படமா இருந்தா மொத நிமிசத்துலயே விசிலடிச்சிருப்பாங்க. இது பொம்மைப் படம், ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல. ரெண்டாந்தடவ வார புள்ளைக, ஒல்லி ராஜா எங்கன்னு தேடுமேன்னுதான் விட்டுட்டேன் டீச்சர்."

அதற்குள் முதலாளி மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. எழுதிவிடாதீர்கள் டீச்சர், இப்போதுதான் நாலு பிள்ளைகள் வர ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கையைப் பிசைந்தார். அத்தை அவரைச் சமாதானப்படுத்தினாள். உங்களைப் பற்றி எழுத வரவில்லை அண்ணே, என்னைப் பற்றி எழுத வந்திருக்கிறேன், லென்ஸை மாட்டச் சொல்லுங்கள் என்றாள்.

லென்ஸை மாட்டினார்கள். படம் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்தது. நிலா வட்டமாக வந்தது. ராஜா உருண்டு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சமையல்காரர் மகளைக் காணோம். அவள் குரலில் ஒரு குண்டுப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். பழைய படத்தையே போடச் சொல்லுங்கள் அத்தை என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. இடைவேளை விட்டதும் எழுந்தாள். வா பாப்பா, பின்னால் போய் உட்காரலாம் என்றாள்.

அடுத்த இதழுக்கு அவள் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். சின்னதாக ஒரு வருத்தம் போட்டால் போதாதா, இப்படியா தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டார். அத்தை ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அது அப்படியே அச்சானது.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது சென்ற மாதம் இதே பக்கத்தில் வெளியான விமர்சனம் என்று அது தொடங்கியது. எழுதியவர் பல வருஷ அனுபவம் உள்ளவர் என்கிறார்கள், அந்த அனுபவம் இதில் எங்கேயும் தென்படவில்லை. வட்டத்தைப் பற்றித் தினமும் பாடம் நடத்துகிற ஒருவர், நிலா முட்டையாக எழும்பியபோதே எழுந்துபோய் ஆபரேட்டரைக் கேட்டிருக்க வேண்டும், உட்கார்ந்து பரவசப்பட்டிருக்கிறார். ஏரோது ராஜாவின் கையில் இருந்த கடிகாரம் தெரிந்த கண்ணுக்கு இவ்வளவு பெரிய திரை தெரியவில்லை. ஆலயத்து ஜன்னல்களை இதில் இழுத்ததற்கு அப்போஸ்தலர்கள் மன்னிப்பார்களாக. இப்படி யாருக்கும் வைக்காத குட்டுகளையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டுவிட்டு, கடைசியில் லென்ஸ் மாட்டியாகிவிட்டது, படம் நன்றாக இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள் என்று முடித்திருந்தாள்.

இதழ் கையில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஒருவரும் உரக்கச் சிரிக்கவில்லை. போதகர் தூணோரமாக நின்று அதைப் படித்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தை நிறுத்துவது பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே இன்னும் பயமாக இருந்தது. பெரியவர்கள் சத்தம் போடாமல் இருந்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்டது.

அது அந்த வாரக் கடைசியில் வந்தது. சாயங்காலம் நான் கேட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தபோது செயலாளர் அண்ணனும் சங்கத்து அண்ணன்மாரும் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தை திண்டுக்கல்லுக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும் என்று சொன்னேன். உள்ளே அத்தை யாரோ ஒரு பிள்ளைக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"இருக்கட்டும் பாப்பா, வார வரைக்கும் நிக்கிறோம்" என்றார் செயலாளர் அண்ணன்.

சத்தம் கேட்டு அத்தையே வந்துவிட்டாள். செயலாளர் அண்ணன் சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"கிறிஸ்மஸ் நாடகம் ஒத்திகை ஆரம்பிச்சிருக்கோம் டீச்சர். முடிஞ்ச பெறகு எழுதுறது இருக்கட்டும், இப்பவே வந்து பாத்துச் சொல்லுங்களேன். எங்களுக்கும் எங்க தப்பு இருக்குன்னு தெரிய மாட்டேங்குது."

"வாரேன் தம்பி, ஒரு நிமிசம்" என்று அத்தை உள்ளே போனாள்.

ஒரு நிமிஷத்தில் வரவில்லை. கணக்குப் படிக்க வந்த பிள்ளையை அனுப்பிவிட்டு, முகம் கழுவி, தலை சீவி, பண்டிகைக்கு மட்டும் கட்டுகிற ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன்மார் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடக்க, அவர்களுக்கு நடுவே அவளும் நடந்து போனாள். அத்தை எழுத ஆரம்பித்த காலத்திலிருந்து, நாடகம் முடிந்த பிறகு சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நாடகத்துக்கு முன்னால் வந்து கூப்பிட்டவர்கள் அன்றைக்கு வரைக்கும் ஒருவரும் கிடையாது. அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அடுப்படிக்கு ஓடி, எல்லாரும் சேர்ந்து அத்தையைக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. அடி வாங்கப் போகிறவள் எதற்காக இவ்வளவு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போகிறாள் என்பதுதான் எனக்கு அன்றைக்கு முழுக்க விளங்கவில்லை.