அம்மா சாரம் ஏறிய கோடை

உப்புத்தாளைச் சுவரில் தேய்க்கும்போது எழும் "சர்ர்... சர்ர்" என்ற ஓசையும், உதிர்ந்து வந்து உதட்டில் ஒட்டும் வெள்ளைத் தூளின் சப்பென்ற சுவையுமாகத்தான் என் ஒன்பதாவது வயதின் கோடை விடுமுறை இன்னும் எனக்குள் இருக்கிறது. என் அப்பா அந்தோணி, மாதா கோயில்களின் முகப்புக்கு வர்ணம் தீட்டுகிறவர். சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்துப் பங்குக் கோயில்களில் திருவிழா நெருங்கினால் "பெயின்டர் அந்தோணிக்குச் சொல்லி விடுங்க" என்பார்கள். தூணுக்கும் வளைவுக்கும் நிறமடிப்பதோடு அவர் வேலை முடியாது; முகப்பின் உச்சியில் முக்கோணமாக எழும்பி நிற்கும் சுவரில் மாதாவையும் சுற்றிலும் சிறகு விரித்த சம்மனசுகளையும், அதாவது தேவதூதர்களையும், எழுதுவார். "வரையறது பள்ளிக்கூடத்துல. செவுத்துல எழுதறது" என்பது அவர் வாக்கு.

அந்தக் கோடையில் சேந்தமங்கலத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிற்றூரில் வேலை. கோயிலை ஒட்டிய அறையைப் பங்குச் சாமியார் ஒழித்துக் கொடுத்திருந்ததால், அஸ்தம்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று பேருமே அங்கே போய்த் தங்கினோம். அம்மா சரோஜா, ராசிபுரத்தில் பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு தன் அப்பாவின் தறிக்குச் சேலைக் கரைக்கான பூவையும் மாங்காயையும் அன்னத்தையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்தவள். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெயின்டரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு அவளுக்கு அடைத்தே கிடந்தது. பிறகு அவள் பென்சில் பிடித்து நான் பார்த்தது, என் பாட நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதும்போது மட்டும்தான்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா விழுந்தார். முந்தின நாள் பெய்த மழையில் ஊறிய கயிறு சாரத்தின் மூலையில் இளகி, பலகை ஒருபக்கம் சரிந்துவிட்டது. நல்லவேளை, பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தார். நாமக்கல்லுக்குத் தூக்கிப் போய், இடது காலில் மாவுக்கட்டோடு நான்கைந்து நாளில் திரும்பக் கொண்டுவந்து அந்த அறையிலேயே படுக்க வைத்தார்கள். அங்கியும் மேகமும் சம்மனசுகளும் முடிந்திருந்தன. மாதாவின் முகம் மட்டும் வெறும் வெள்ளையாக, கண்ணும் வாயும் இல்லாமல், சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார்.

திருச்சியிலிருந்து வேறு ஆளை வரவழைக்கலாம் என்று கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வந்து சாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

"முகத்தை நான் எழுதறேனுங்க சாமி."

உபதேசியார் முகம் சுருங்கியது. "பொம்பளை போயி மாதா தலைக்கு நேரா ஏறி நிக்கறதா? அதும் ஞானஸ்நானம் வாங்காதவங்க?"

"அவரு நின்ன அதே பலகைதானுங்க. நானும் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் ஏறுவேன்" என்றாள் அம்மா. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

சாமியார் வெகுநேரம் சுவரை அண்ணாந்து பார்த்தார். "ஒரு வாரம் பாருங்கம்மா. சரியா வரலைன்னா ஆள் கூப்பிட்டுத்தான் ஆகணும். வருத்தப்படக் கூடாது" என்றார். பிறகு ஆட்களை விட்டுச் சாரத்தைப் பிரித்து, காய்ந்த கயிற்றால் புதிதாகக் கட்டச் சொன்னார்.

அப்பாவுக்குத்தான் அது தாங்கவில்லை. நாலைந்து நாள் அம்மாவோடு பேசவே இல்லை. தான் விழுந்த இடத்துக்கு அவள் ஏறப் போகிறாள் என்ற பயமா, தன் கையில் இருந்த வேலை போகிறது என்ற வேதனையா என்று எனக்கு அன்று புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அம்மா அவருடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் நாள் ஏறியவள் ஒரு மணி நேரம் கம்பைப் பிடித்தபடி வெறுமனே நின்றுவிட்டு இறங்கினாள். மறுநாள் மீண்டும் ஏறினாள். வெள்ளைச் சுவரில் நூலடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக அந்த முகத்தை எழுதினாள்.

மூன்றாம் நாள் மாலை, அப்பா தன்னைக் கட்டிலோடு தூக்கிச் சாலைக்கு எதிர்ப்புறம் வைக்கச் சொன்னார். பார்த்தார். பூசைக்கு வந்த பெண்களும் நின்று பார்த்தார்கள். மேலே பலகையில் நின்று பார்த்தபோது அவ்வளவு அழகாகத் தெரிந்ததாக அம்மா சொன்ன முகம், கீழிருந்து பார்த்தால் நெற்றி குறுகி, கன்னம் உப்பி, பம்மிய மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள்.

"சரோசா, மூஞ்சி அமுங்கிப் போச்சு புள்ளே" என்றார் அப்பா. அத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

அம்மா இறங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. முகத்தை இன்னும் பெரிதாக எழுதினால் சரியாகிவிடும் என்றார் அப்பா. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏனுங்க, பெருசு பண்ணக் கூடாதுங்க. நீட்டோணும்" என்றாள்.

"நீட்டறதா?"

"தறியில குறுக்கால ஓடற ஊடை நூலு நெருங்கி உக்காரும்போது பூவு அமுங்கிப் போகுமுங்க. அதனால தாள்லயே ஒசரமா, நீட்டிப் போட்டுக் குடுப்போம். தாள்ல பாத்தா கோணலா இருக்கும். சேலையில சரியா வந்துரும். இதுவும் அப்படித்தானுங்களே?"

அப்பா கையை நீட்டி அந்த முகத்தைக் கண்ணால் அளந்தார். தன் வாழ்நாளெல்லாம் கண் மதிப்பாகவே செய்துவந்த ஒன்றை அவள் கட்டமாக எண்ணிச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அழிச்சிட்டு எழுது" என்றார். "வெயில் ஏறறதுக்கு முன்னால எழுது."

அம்மா இரண்டு நாள் உழைப்பை ஒரே காலையில் வெள்ளையடித்து மூடினாள். இந்த முறை அகலத்தை விட்டுவிட்டு உயரத்துக்கு மட்டும் கட்டங்களைக் கூட்டினாள். நெற்றிக்கு இரண்டு வரிசை கூடுதல், மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. மேலே ஏறிப் பார்த்த உபதேசியார், "மாதாவுக்குக் குதிரை முகம் வந்திருக்குது சாமி" என்று சாமியாரிடம் ஓடினார். சாமியார் அவர் கையைப் பிடித்துச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்த் திருப்பி நிறுத்தினார். காலை வெளிச்சம் நேராகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. உபதேசியார் அண்ணாந்து பார்த்தார். பிறகு தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கொடியேறின அன்று, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அப்பா கோயில் வாசலுக்கு வந்தார். முகப்பின் அடியில், ஆள் உயரத்தில், எழுதியவர் பெயரைப் போடுவது வழக்கம். சின்னத் தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, "சரோஜா" என்று எழுதினார். "உங்க பேரையும் போடுங்க" என்று அம்மா கெஞ்சினாள். "நான் அங்கிதான எழுதுனேன். அங்கியவா கும்பிடறாங்க?" என்று சிரித்தார்.

அப்பாவின் கால் கூடியது. உயரம் ஏறும் தெம்பு மட்டும் திரும்பவில்லை. அதன் பிறகு இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை அவர். அதற்கு மேலே அம்மா. அப்படி எத்தனையோ முகப்புகள். ராசிபுரத்தில் ஒரு கோயிலுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, தறிக்காரரான என் தாத்தா ஒரு நாள் சைக்கிளில் வந்து, சாலையில் நின்றபடி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். மறுவாரம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

இன்று அந்தச் சிற்றூரில் அந்தக் கோயில் இல்லை. பங்கு மக்கள் பெருகிவிட்டதால் இடித்துவிட்டார்கள். அம்மாவின் முதல் மாதாவும் அந்தச் சுவரோடு போய்விட்டாள். ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. சவுக்குக் கம்புச் சாரமும் தேங்காய்நார்க் கயிறும் போயின. செய்தி கேட்டு எனக்குத்தான் அழுகை வந்தது. அம்மா, "செவுரு போனா போவுது அம்மிணி. புதுச் செவுரு இன்னும் ஒசரமாமே?" என்று கேட்டாள்.

புதுக் கோயிலின் முகப்பை எழுத அவளைத்தான் கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவளை அனுப்பலாமா என்ற தயக்கத்தோடு போன மாதம் நானும் கூடப் போனேன். தூக்கி வண்டியின் கூண்டுக்குள் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு அம்மா நின்றாள். பொத்தானில் கை வைத்திருந்த இளைஞன் முக்கால் உயரத்தில் நிறுத்திவிட்டு, "இது போதுங்களா பாட்டி?" என்று கத்தினான்.

மேலே இருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சாமி."