மேல்மாடிச் சுற்று

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் மலைச்சரிவில் ஒரு பணக்கார வீட்டுக்குக் காவல் இருந்தேன். நான் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் இறங்கினால் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. வீட்டில் இருந்தது கணவரை இழந்த வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் மட்டும். பக்கத்து வீட்டில் கள்ளர் புகுந்ததும், வேறு இடத்தில் வசித்த அவருடைய மகன் பயந்துபோய் எங்கள் கம்பெனியைப் பிடித்தார்.

பகல் வேலைக்கு இருவர். என்னைச் சேர்த்துவிட்ட யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், மற்றது நான். ஒருவர் நிலவறையில் கமெராத் திரைகளைப் பார்த்திருக்க, மற்றவர் மணிக்கொரு தடவை மேல்மாடிக்குப் போய் ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்து பார்த்துச் சாத்திவிட்டு வரவேண்டும். மேலே சுற்றுவது கீழேயே படுத்தெழும்பும் அம்மாவுக்குத் தெரியவேண்டாம், வீணாகப் பயப்படுவார் என்று மகன் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவசரமென்றால் ஓட வேண்டுமாம்.

எங்களிடம் அந்தச் சட்டம் செல்லவில்லை. "ஆக்கள் இருக்கிற வீட்டுக்குள்ள சப்பாத்தோட எப்பிடியடா போறது?" என்று அண்ணை முதல் நாளே படிக்கட்டடியில் கழற்றி வைத்தார். நானும் வைத்தேன். காலுறையோடு அந்தக் கம்பளத்தில் நடந்தால் எங்கள் நடை எங்களுக்கே கேட்காது.

தை மாதம் மகன் வந்தார். முகம் சரியில்லை. செத்துப்போன அப்பா மேலே நடமாடுவதாக அம்மா சொல்கிறாராம். காலடி கேட்பதில்லை, கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகின்றனவாம். அப்பாவும் இருட்டும் நேரத்தில் அப்படித்தான் எல்லா அறைகளையும் பார்த்து வருவாராம். "புத்தி தடுமாறுகிறது. முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது நாங்கள்தான் என்று சொல்லிக் காலைக் காட்டினேன். காலுறை ஓட்டைக்குள்ளால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. மகன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இல்லப் பேச்சு அன்றோடு நின்றது.

"இனிச் சப்பாத்தோடதான் நடக்கோணும் அண்ணை" என்றேன்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறத்தானே வேணும்" என்று முனகிக்கொண்டே அவர் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். வெளியே இருண்டுகொண்டு வந்தது. அந்த அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். என் நடை தனக்குப் பழகிவிட்டது என்றார். மற்றவர் கொஞ்சம் காலை இழுத்து நடப்பார், அதுவும் தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இருட்டிய பிறகு ஒருவர் வருகிறாரே, அவருக்கு நீங்கள் சப்பாத்துக் கொடுக்கவில்லையா?"

இருட்டிய பிறகு எங்களுக்கோ இரவுக் காவலுக்கு வருபவர்களுக்கோ மேல்மாடிச் சுற்றே கிடையாது. மேலே அலாரத்தைப் போட்டுவிட்டுக் கீழே வந்துவிடுவோம்; அன்றும் போட்டாயிற்று. அதைச் சொல்ல வாயெடுத்தவன் அவர் கையைப் பார்த்தேன். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் உண்மையைச் சொன்னால் அவர் எங்கே போய்ச் சேர்வார் என்று இருவருக்கும் தெரியும்.

"அவர் புது ஆள்" என்றேன். "நாளைக்குப் போடச் சொல்கிறேன்."

"வேண்டாம். அவர் விருப்பப்படி நடக்கட்டும்."

அப்போது மேலே ஒரு கதவு திறந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டது. யன்னலுக்கு வெளியே அண்ணை வாசல் பனியை வழித்துக்கொண்டு நின்றார். சுவரில் இருந்த அலாரப் பெட்டியில் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. மேலே யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம். பயந்துபோனேன்.

அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"மகன் கேட்டாலும் புது ஆள் என்றுதான் சொல்வாயா?"

சொல்வேன் என்றேன். மேலே அடுத்த கதவு திறந்தது.