அட்டை வீட்டுக்கு வந்த குடித்தனம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுடலைக்கண்ணன் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். கூரையில் ஈரக்கறை இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். "தரையில டைல்ஸ் இருக்கான்னு எவன் கேட்டான்? ஜூலை மாசம் மேல இருந்து ஒழுகுதா, அதச் சொல்லும்வே!"

மும்பை தாராவியில் வாடகைக்கு அறை பிடித்துக் கொடுக்கும் தரகர் அவர். எனக்கு அறை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அறுபதை நெருங்குகிறார். சட்டைப்பையில் இரண்டு கைபேசிகள். ஒன்று அடித்தால் மற்றதை எடுத்து "ஹலோ" என்பார்.

அன்று அவர் அண்ணாந்து பார்த்த அறைக்குக் கூரையே இல்லை. மாட்டுங்காவைச் சேர்ந்த ஓவியர் அபயாம்பாளும் நண்பர்களும் 'எது வீடு?' என்று பத்து நாள் கண்காட்சி வைத்திருந்தார்கள். காலியாகக் கிடந்த தோல்பட்டறையை அதற்குப் பிடித்துக் கொடுத்ததே இவர்தான். சுற்றிலும் ஓவியங்கள். நடுவில் அட்டையால் செய்த ஓர் அறை. ஜன்னல், அடுப்பு, குழாய் எல்லாம் சுவரில் வரைந்தவை. கட்டிலும் வாசல் திரையும் மட்டும் நிஜம்.

"கோலி ஏ-ஒன் மாமி. தண்ணி எப்ப வரும்?" என்றார். அறைக்கு மும்பைப் பேச்சில் கோலி என்று பெயர்.

"வரைஞ்சா வரும்," என்றார் அபயாம்பாள். சுடலைக்கண்ணன் சிரித்த சிரிப்பில் அட்டைச் சுவர் ஆடியது.

அன்றிலிருந்து அதுவே அவருக்கு அலுவலகம். "நெழலு இருக்கு, உக்கார பெஞ்சு இருக்கு, வேற என்ன வேணும் சார்?" என்றார் என்னிடம். அறை தேடுகிறவர்களை அங்கேயே வரச் சொன்னார். ஹமீதும் சஃபீனாவும் அப்படித்தான் வந்தார்கள். பெருநாளுக்கு முன்பே நிக்காஹ் முடிந்த ஜோடி. பை தைக்கிற ஹமீது, வேலை பார்க்கும் பட்டறையிலேயே மற்ற ஆட்களோடு படுக்கிறான். சஃபீனா வடாலாவில் அக்கா வீட்டில் இருக்கிறாள். பார்த்த அறை எல்லாம் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயின. அன்று காலையெல்லாம் அலைந்து பிடித்துப்போன ஒரே அறைக்கும், "யோசிச்சுச் சொல்றேன்" என்றுவிட்டார் வீட்டுக்காரர். சஃபீனா போய் அட்டை அறைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"விடுங்க அண்ணாச்சி, அவ அக்கா வீட்லயே இருந்துக்கிடட்டும்," என்றான் ஹமீது.

"ஏல, கோட்டி மாதிரி பேசாத! அக்கா வீட்ல விடவா கல்யாணம் முடிச்ச? ரெண்டு பேரும் இங்கனயே இருங்க. நான் அந்த மனுசன்ட்ட இன்னொருக்கா பேசிட்டு வாரேன். டென்ஷன் நக்கோ, கவலய விடுங்க."

உச்சி வெயிலில் கிளம்பிப் போனார். அங்கே என்ன நடந்தது என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார். "ஒண்ணுமில்ல சார். அவரு வாசல்ல போய் உக்காந்து சாயா கேட்டேன். குடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டேன். மூணாவதுக்குப் பால் இல்லன்னாரு, சாவியக் குடுத்துட்டாரு!"

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே திரும்பியவர், அட்டை அறையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் கண்டு எட்டிப் பார்த்தார். அலைந்த களைப்பில் சஃபீனா கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்காட்சித் துண்டறிக்கையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான் ஹமீது. அதையும் கண்காட்சி என்றே நினைத்து ஒரு பெண் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினாள்.

"எழுப்பட்டுமா?" என்று அபயாம்பாள் கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டிய சுடலைக்கண்ணன், சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "அப்புறமா வாங்க," என்று கூட்டத்தைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "வீட்ல ஆளு தூங்குது."

பிறகு வாசல் திரையை மெல்ல இழுத்து மூடினார்.