கட்டத்தின் பெயர் ஒரு தடவைதான்

என் புரோகிராமில் விவரம் வைக்கும் ஒரு கட்டத்தின் பெயரை இரண்டு இடத்தில் எழுத மாட்டேன். என்னிடம் வேலை பார்ப்பவர்கள் எழுதினால் கத்துவேன். "ரெண்டு வரிதானே மேடம், இதுக்குப் போயா?" என்பார்கள். ஆமாம், இதற்குப் போய்த்தான். அந்த இரண்டு வரியால் ஒருத்தி தன் தம்பியை அரைநாள் தேடி அலைந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி நடத்திக்கொண்டிருந்தேன். கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சொந்தக்காரர்களோடு சேர்த்துவைக்கும் ஒரு குழு, ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தது. அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் கேட்டார்கள். சென்டரில் கம்ப்யூட்டரோடு என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மலை சுற்றும் பாதை நெடுக குழுவின் ஆட்கள் நிற்பார்கள். யாராவது வழி தெரியாமல் நின்றால் வாக்கி-டாக்கியில் விவரம் சொல்வார்கள். நான் அடிப்பேன், பிரிண்டரில் சீட்டு வரும். பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவர் அதைப் படிப்பார். அவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. நல்ல குரல் என்பதற்காக வருஷாவருஷம் கூப்பிடுவார்களாம்.

ஒரு ஆளைப் பற்றிய விவரங்களை ஒரே கட்டாக வைத்திருந்தேன். பெயர், வயது, உடை, ஊர் என்று கட்டங்கள். சி மொழியில் ஒரு தொல்லை உண்டு. கம்பைலர் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றியதும் கட்டங்களின் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிடும், உள்ளே இருக்கும் மதிப்புகள் மட்டும் மிஞ்சும். சீட்டில் 'வயது: 30' என்று வரவேண்டுமென்றால் 'வயது' என்ற சொல்லை நான் தனியாக இன்னொரு பட்டியலில் எழுதிவைக்க வேண்டும். முதல் பெயர் முதல் கட்டத்துக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

தீபத்துக்கு முதல் நாள் குழுவின் செயலாளர் வந்து, "கெடச்ச எடத்தையும் சேத்துடுங்க" என்றார். விவரக் கட்டுக்குள் 'ஊர்' என்பதற்கு மேலே அதைச் சேர்த்தேன். பெயர்ப் பட்டியலில் கடைசியில் சேர்த்தேன். பசி நேரம், அவசரம். கம்பைலர் ஒரு வார்த்தை முனகவில்லை. அதற்கென்ன தெரியும்?

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் பந்தலுக்கு ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. விடியற்காலையில் கோவிலுக்கு எதிரே கையை விட்டுவிட்டான் என்று வாசலில் இருந்த குழுக்காரரிடம் சொல்லி அழுதாளாம். அவர் விவரம் எழுதி உள்ளே அனுப்புவதற்குள் எனக்கு வாக்கி-டாக்கியில் தகவல் வந்தது. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் பேச்சு வராத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நீலச் சட்டை, காலரில் கீழ்பென்னாத்தூர் தையல்காரரின் துணி லேபிள் இருக்கிறது. ஊர் கீழ்பென்னாத்தூர், கிடைத்த இடம் அடி அண்ணாமலை என்று அடித்தேன். மைக்கோடு இருந்தவர் சீட்டைக் கிழித்துப் படித்தார்.

"வாய் பேச முடியாத, நீலச் சட்டை அணிந்த ஒருவர். ஊர் அடி அண்ணாமலை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறார்."

சீட்டில் பஸ் இல்லை. கிடைத்த இடம் கீழ்பென்னாத்தூர் என்றுதான் இருந்தது. இருபது கிலோமீட்டர் தாண்டி ஒருவர் எப்படிக் கிடைப்பார் என்று யோசித்து, திருவிழாவுக்காக ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திய இடத்தை அவராகச் சேர்த்துக்கொண்டார். "ஊர் தப்பா சொல்றாங்க, ஆனா நீலச் சட்டைதான், எங்க தம்பிதான்!" என்று அவள் அந்த பஸ் நிற்கும் செஞ்சி ரோடு பக்கம் ஓடினாள். நான் அடுத்த தகவலை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் படித்தது என் காதில் விழவே இல்லை.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள். "அங்க யாருமே இல்லீங்க. எல்லா பஸ்லயும் ஏறிப் பாத்துட்டேன்." நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஊர்' என்பதற்கு நேரே கிடைத்த இடமும், 'கிடைத்த இடம்' என்பதற்கு நேரே ஊரும் அச்சாகியிருந்தன. உடனே டீக்கடைப் பக்கம் நின்ற ஆளிடம் வாக்கி-டாக்கியில் கேட்டோம். அந்தத் தம்பி எழுந்து போய் அரைமணி ஆகிறதாம்.

மைக்கில் படித்தவரிடம் சீட்டை நீட்டினேன். "காலைலேர்ந்து மாத்தி மாத்தித்தாம்மா வருது. ஊர் ராஜகோபுரம், கெடச்ச எடம் போளூர்னு வந்துச்சு. நானே வாயாலயே சரி பண்ணிப் படிச்சுட்டேன். நீங்க முதல் தடவை வந்திருக்கீங்க, எல்லார் எதிர்லயும் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றார். அவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது. ராஜகோபுரம் யாருக்கும் ஊராக இருக்க முடியாது, அதனால் அவர் பிடித்துவிட்டார். அடி அண்ணாமலை நிஜமாகவே ஒரு ஊர், அதனால் பிடிபடவில்லை.

வழி சொன்னதும் அவர்தான். "மலை சுத்தற கூட்டம் ஒரு பக்கமாத்தாம்மா போவும். எதுக்கால யாரும் வர மாட்டாங்க. அந்த ஆளும் கூட்டத்தோடதான் வருவாரு. சுத்து முடியற எடத்துல, ஈசான்ய லிங்கத்துக்கிட்ட போயி நில்லுங்க."

போய் நின்றோம். என் வேலையைச் செயலாளர் பார்த்துக்கொண்டார்; சீட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் மாற்றிப் படிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வெயிலில் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு நீலச் சட்டையாகப் பார்த்தோம். தீபத்தன்று நீலச் சட்டை எத்தனை பேர் போடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் சாப்பிடவில்லை, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டாள். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்றரை மணி இருக்கும், வந்தான். பூசிய விபூதி வியர்வையில் வழிய, நிதானமாக, வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். அவள் பாய்ந்து போய் முதுகில் ரெண்டு வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் ஒன்றும் புரியாமல் அவள் கண்ணைத் துடைத்தான்.

அதே வாரம் புரோகிராமைத் திருத்தினேன். கட்டங்களை ஒரே ஒரு பட்டியலாக எழுதினேன். கம்பைல் ஆகும்போதே அந்தப் பட்டியல் ஒருமுறை கட்டாக விரியும், இன்னொருமுறை பெயர்களாக விரியும். நடுவில் எதைச் சேர்த்தாலும் பெயரும் மதிப்பும் சேர்ந்தே நகரும். பின்னால் வந்த சில மொழிகளில் இந்த வித்தைகூடத் தேவைப்படவில்லை. கட்டங்களின் பெயர் என்ன என்று கம்பைலரிடமே கேட்டு வாங்கி அச்சிடலாம். அதை முதன்முதலில் செய்துபார்த்த அன்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஈசான்ய லிங்கத்துக்கு எதிரே நின்றதுதான் ஞாபகம் வந்தது.

அங்கே அவள் தம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்தாள். "நீங்க கம்ப்யூட்டர்ல போட்டதாலதாங்க கெடச்சான். உங்க புண்ணியம். நல்லா இருப்பீங்க" என்றாள். போட்டதே தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைக் கும்பிட்டாள், தம்பியின் கையைக் கூப்பிவைத்து அவனையும் கும்பிடச் சொன்னாள். அவனும் கும்பிட்டான். நானும் திருப்பிக் கும்பிட்டுவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினேன்.