பெரிய பின்னும் ஒரு காதுகுத்தும்

வந்தவர்கள் ஐந்து பேர். உரக்கடை கௌதம், பாகூர் அருண், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் சுகுமார் சார், தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்த குமரேசன் அண்ணன், அப்புறம் நான். வராதவன் ஒருத்தன்தான். சேதராப்பட்டு விக்கி.

அந்த ஒருத்தன் வராததால்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

நாங்கள் ஒரு ஹெட்போன் குரூப். பாட்டு கேட்பதைவிட, பாட்டை எதில் கேட்பது என்று அதிகம் பேசுகிற கூட்டம். வாட்ஸப்பில் இரண்டு வருஷமாக இதே வேலை. ஒருத்தன் கேபிள் மாற்றினால் மற்றவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் இதுவரை எல்லோரும் நேரில் உட்கார்ந்ததில்லை. முதல் சந்திப்பு போன ஞாயிறு காலை, வில்லியனூரில், கௌதம் அப்பாவின் உரக்கடை மாடியில்.

ஆடியோ மீட் என்றால் ஏசி ஹாலை நினைத்துக்கொள்வீர்கள். எங்களுக்கு மூன்று பக்கமும் மூட்டை. நடுவில் ஒரு பெஞ்சு. அறை முழுக்க வேப்பம் புண்ணாக்கு வாசனை. அருண் உள்ளே வந்ததும் வராததுமாக நடுவில் நின்று கையைத் தட்டினான். காதைச் சாய்த்தான். மறுபடி தட்டினான்.

"டேய்... எக்கோவே இல்லடா! மூட்டை எல்லாத்தையும் முழுங்கிடுது. ஸ்டுடியோல இதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்றாங்கடா!"

"எங்க அப்பா காதுல வுழப் போவுது. அப்பறம் வாடகை கேப்பாரு" என்றான் கௌதம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், குமரேசன் அண்ணன் மடியில் வைத்திருந்த கறுப்புப் பெட்டி.

அதற்குள் இருந்த ஹெட்போனைப் பற்றி நான் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் மரக் கிண்ணம், உள்ளே கைக்குட்டை மாதிரி மெல்லிய துணி. அதை விமர்சித்து எவன் எந்த ஊரில் வீடியோ போட்டாலும் பார்த்திருக்கிறேன். கேட்டது மட்டும் இல்லை! புதுசு வாங்க நம்மால் ஆகாது. அண்ணன் தன்னுடையதைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பாதியை நான் சேர்த்து வைத்திருந்தேன். ஓரளவு ஓடுகிற பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம், அவ்வளவு பணம்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அத மாட்னா இன்னா கேக்கும்?"

"எல்லாம் கேக்கும்பா. பாடறவங்க மூச்சு வுடறதுகூட."

"இப்ப எவன் மூச்சு கேக்காம உனுக்கு இன்னா கெட்டுப் பூட்டுச்சு?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வரை போனவன் நான்; அதனால் பதில் தெரியாத கேள்விகளும் என்னிடம்தான் முதலில் வரும். ஆனால் அவர் "வேணாம்" என்று சொல்லவில்லை. "கேட்டுப் பாத்துட்டு வாங்கு" என்றார். எங்கள் ஊர் ஒதியம்பட்டில் நெல்மணி ஒன்றை வாயில் போட்டு, 'டக்'கென்று கடிபடுகிறதா என்று பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. அது நெல்லுக்கு. ஹெட்போனுக்கும் அதுதானே?

அதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு காலை மட்டும். மதியம் அண்ணனைச் சென்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வந்துவிடும். "தம்பி, கேட்டுட்டுப் புடிச்சா நீ எடுத்துக்க. இல்லன்னா சென்னைல ஒருத்தர் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. கேக்கக்கூட வேணாமாம் அவருக்கு!" என்றார் அண்ணன்.

கேட்காமலே வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம் — நிஜமாகவே. சுகுமார் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கேபிளைப் பிரித்தார் அண்ணன். நுனியில் இருந்தது சுண்டுவிரல் கனத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு பின்.

பெரிய பின்.

எங்கள் ஐந்து பேரிடமும் பிளேயர் இருந்தது. போன் இருந்தது. கையடக்க ஆம்ப்ளிஃபையர் மூன்று இருந்தது. எல்லாவற்றிலும் சின்ன ஓட்டை.

"அண்ணே... இதச் சின்ன ஓட்டைல சொருவ அடாப்டர்?"

"தோஹா ரூம்ல ஆம்ப்புலயே சொருவினமேனிக்கு வுட்டுட்டு வந்துட்டன்பா. விக்கிதான் பெரிய ஆம்ப்பு எடுத்தாரேன்னான். அதுல பெரிய ஓட்டை இருக்குமே?"

விக்கி எங்கே? சேதராப்பட்டில். ஆள் வரவில்லை என்று விடிகாலையில் கம்பெனி அவனை டபுள் ஷிப்டில் பிடித்துப் போட்டுவிட்டது. போன் லாக்கரில். வீட்டில் எல்லோரும் மேல்மலையனூர் போயிருக்கிறார்கள். சாவி அவன் பாக்கெட்டில்.

சரி, மற்றவர்கள் ஏன் அடாப்டர் எடுத்து வரவில்லை? அங்கேதான் எங்கள் லட்சணம். ஒவ்வொருத்தனும் மற்றவன் எடுத்து வருவான் என்று இருந்திருக்கிறான். ஹெட்போனுக்கு வெள்ளிக் கம்பி கேபிள் எது, செம்புக் கம்பி கேபிள் எது என்று பொழுது விடிய விடியச் சண்டை போட்ட கூட்டம்! ஒரு துண்டு இரும்புக்கு வழி இல்லை.

"குரூப்ல 'யாரு அடாப்டர்?'னு நான் போட்டனே" என்றான் அருண்.

"நீ போட்ட. நாங்க எல்லாரும் கட்டைவிரல் போட்டம்" என்றான் கௌதம்.

நானும் அருணும் கடைத்தெருவுக்கு ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்த போன் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். சின்னதைப் பெரிதாக்குகிற கனெக்டர் ஒரு கடையில் இருந்தது. பெரியதைச் சின்னதாக்குவது எங்கேயும் இல்லை. கடைசிக் கடைக்காரர் போனில் நாங்கள் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது, மைக்கு செட்டு பின்னாட்டம் கீது?"

அருண் என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தெருவில் அத்தனை நேரமும் நாங்கள் திட்டிக்கொண்டே வந்த சத்தம் — நாதஸ்வரம் — அப்போதுதான் எங்கள் காதில் சரியாக விழுந்தது!

உரக்கடைக்கு எதிரே ஒரு சின்ன மண்டபம். அங்கே காதுகுத்து. ஸ்பீக்கர், மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் எல்லாம் இருக்கும். மிக்ஸரில் ஹெட்போன் ஓட்டை இருக்கும். பெரிய ஓட்டை!

ஐந்து பேரும் போனோம். கழுத்தில் ஆளுக்கொரு ஹெட்போன். வாசலில் சந்தனம் தெளித்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம். கேட்க வந்தவர்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஓரமாக மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அருண் விஷயத்தைச் சொன்னான். அவர் பெட்டிக்குள் பார்த்தார்.

"இம்மாம் பெருசா? இத மாட்னா கழுத்து சுளுக்கிக்காதா?"

"பழகிடும்ணே."

"வெல இன்னா?"

அருண் அவர் காதில் சொன்னான். அவர் எங்கள் ஐந்து பேரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அங்க புள்ளைக்கு ஒரு தபாதான்பா குத்துவாங்க. உங்களுக்கு மாசாமாசம் குத்துறாங்க போல."

ஆனாலும் மனுஷர் நல்லவர். பின்னை வாங்கிச் சொருகினார். கச்சிதமாக, 'களக்'கென்று உட்கார்ந்தது. மிக்ஸரில் எனக்குப் பாட்டு போடுவார் என்று நினைத்தேன். என் டெஸ்ட் பாட்டுகள் பென்டிரைவில் தயாராக இருந்தன. அவரோ, "நாதஸ்வரத்த நிறுத்துனா மாமன் சண்டைக்கு வருவாரு. மேடை மைக்க மட்டும் உனுக்குத் தர்றேன். ஹாலுக்குப் போவாது. உன் காதுக்கு மட்டும்தான் வரும்" என்று ஏதோ பட்டனை அமுக்கினார்.

மாட்டினேன்.

எப்படிச் சொல்வது? மேடை எனக்கு இருபதடி தள்ளி. ஆனால் நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன்! மைக்கைத் தாய்மாமனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தட்டு வரிசை மேல் சாத்தி வைத்திருந்தார்கள். பட்டுப் பாவாடை உரசுகிறது. வளையல். யாரோ வாழைப்பழத் தோலை உரிக்கிறார்கள் — அது வலது பக்கமோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்! ஆசாரி ஊசியைத் துடைத்துத் தட்டில் வைத்த சின்ன 'ணங்'. அப்புறம்... குழந்தையின் மூச்சு. அழுது முடித்துவிட்டு, அடுத்த அழுகைக்கு இழுக்கிற விக்கல் மூச்சு. மாமன் மெதுவாகச் சொல்கிறார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்காது.

"ஒண்ணும் இல்லடி தங்கம்... எறும்புடி... மாமன் கீறன்ல? மாமன் காதையும் குத்தச் சொல்றேன், சரியா?"

மயிர்க்கூச்செறிந்தது. அப்பா, இதுதான்பா! இந்த மூச்சுதான்!

கழற்றி அண்ணனிடம் கொடுத்தேன். "எடுத்துக்கிறேண்ணே. இப்பவே ஜிபே பண்றேன்." போனை எடுத்துவிட்டேன்.

"இரு, நானும் ஒரு தபா கேட்டுக்கறேன். அப்பறம் எங்க கேக்கப் போறேன்" என்று அவர் மாட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. அது ஹாலுக்கே கேட்டது. மேடையில் சிரிப்பு, குலவை, யாரோ சர்க்கரையை வாயில் போடுகிறார்கள். சுகுமார் சார் தன் முறைக்காகக் கையை நீட்டினார். குமரேசன் அண்ணன் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் கிண்ணங்களைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு காதும் குத்தி முடிந்தது. அழுகை அடங்கியது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணே, கார் வந்துடும்" என்றான் கௌதம்.

கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. மிக்ஸரைப் பார்த்துப் பேசினார்.

"என் பொண்ணுக்குக் குத்துனப்ப நான் தோஹால இருந்தன்பா. லீவு தரல. வீடியோ கால்ல பாத்தேன். படம் வந்துச்சு... சத்தம் கட் ஆவி கட் ஆவி வந்துச்சு. அழுவுதா சிரிக்குதான்னே தெரில. ஹலோ ஹலோன்னு நான்தான் கத்திக்கினு இருந்தேன்."

சுகுமார் சார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. இத நான் குடுக்கலபா."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. பொய் சொல்வானேன்? இரண்டு வருஷம்! போன் கையில், ரகசிய எண் போடுவதுதான் பாக்கி. "சரிண்ணே" என்று சொன்னது என் வாய்தான், வயிறு அல்ல.

அண்ணன் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் குனிந்தார். "மேடையில பேசினது ரெகார்டு ஆவுதா?" ஆகிறதாம், மிக்ஸரிலேயே ஒரு பென்டிரைவ் இருந்தது. "யாரு புள்ளயோ... எனுக்கு ஒரு காப்பி கெடைக்குமா?"

"வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

கேட்கப் போகவே வேண்டாம், அவரே வந்துவிட்டார். குழந்தையின் அப்பா. புது வேட்டி, வியர்வை. எங்கள் கழுத்துகளைப் பார்த்தார். "மாமன் வூட்டு ஆளுங்களா? வீடியோகாரங்களா?"

அண்ணன் உள்ளதைச் சொன்னார். தன் மகள், தோஹா, எல்லாம். அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "காப்பிதானே? எடுத்துக்கினு போபா. எம் பொண்ணு அழுவுறத கத்தார்ல ஒருத்தர் கேக்கப் போறாருன்னா எனுக்கு இன்னா கசக்குதா?" என்றார். "ஆனா சாப்ட்டுதான் போவணும். அஞ்சு பேரும்."

என் டெஸ்ட் பாட்டுகள் இருந்த பென்டிரைவை நான்தான் கொடுத்தேன். வேறு யாரிடமும் இல்லை. அவற்றை அழித்துவிட்டு அந்தக் குழந்தையை ஏற்றினார்கள். கோபம் எப்போது போனது என்று கேட்டால், அங்கேதான் எங்கேயோ.

சாப்பிட்டோம். என்ன சாப்பாடு! வடை, பாயசம், கத்தரிக்காய்க் கொத்சு. கார்க்காரர் ஹாரன் அடிக்க அடிக்க அண்ணன் இரண்டாவது முறை ரசம் வாங்கினார். கறுப்புப் பெட்டி அவர் மடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "கேட்டியா?"

"கேட்டம்பா."

"மூச்சு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வாங்குனியா?"

"இல்லபா."

துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "கடிச்சுப் பாத்துட்டு வாங்காம வர்றதும் உண்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கழனிக்குக் கிளம்பிவிட்டார்.

என் பணம் அப்படியே இருக்கிறது. அடுத்த மீட் பாகூரில். இந்தத் தடவை அடாப்டர் என் பொறுப்பு. அன்று இரவே ஆர்டர் போட்டுவிட்டேன், அறுபது ரூபாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே. விசேஷ வீட்டில் கை நனைத்துவிட்டு மொய் எழுதாமல் வர முடியுமா? ஆளுக்கு நூற்றியொன்று எடுத்தோம். மொய் மேஜையில் இருந்தவர் பேனாவைத் தூக்கினார்.

"பேரு?"

"ஹெட்போன் குரூப்புன்னு எழுதுங்க" என்றான் அருண்.

"இன்னா குரூப்பு?"

எழுதினார். பக்கத்தில் நின்ற குழந்தையின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க குரூப்புல எப்ப விசேஷம்னு சொல்லி அனுப்புங்கபா. திருப்பிச் செய்யணும்ல?" என்றார்.

ஆக, அறுபது ரூபாய் அடாப்டரை மறந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை: 'எட்போன் குரூப், வில்லியனூர் — ஐந்நூற்று ஐந்து ரூபாய்.'