அமிர்தராஜின் உப்பு வாரும் யந்திரம்

அமிர்தராஜ் சம்பளத்துக்குச் செய்தது மரக்காணத்து உப்பளக் கம்பெனி ஒன்றில் பம்பு செட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வேலை. ஆசைக்குச் செய்தது விஞ்ஞானக் கதை எழுதுவது. முதலாவது சோறு போட்டது. இரண்டாவதுதான் அவரைக் காலையில் எழுப்பிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வாரப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதை என்றால், செவ்வாய் கிரகத்திலிருந்து ஒருவன் வந்து கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போவான். அதைப் படித்தாலே அமிர்தராஜுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இவ்வளவு பெரிய ராக்கெட்டுக்கு எரிபொருளை எங்க வச்சிருக்கானாம்?" என்று மனைவி லீமாவிடம் சண்டைக்குப் போவார், ஏதோ அவள் எழுதிய மாதிரி. அவர் கதையில் அந்தப் பேச்சே கிடையாது. பல்சக்கரத்துக்கு எத்தனை பல், பிளேடு எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், எல்லாம் இருக்கும். தன் கதையில் வரும் யந்திரத்தை யாராவது செய்து பார்த்தால் அது ஓட வேண்டும் என்பது அவருடைய கர்வம். பத்திரிகை ஆசிரியரும் அவர் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று மறக்காமல் போடுவார்.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் மாமா சிலுவைமுத்து ஆரம்பித்துவிடுவார். "ஏம்பா, இந்த வாரம் நிலாவுக்கு பஸ் விட்டுட்டியா, இல்ல இன்னும் ரோடுதான் போடுறியா?" அமிர்தராஜ் சிரித்துச் சமாளிப்பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் மட்டும் உம்மென்று இருக்கும்.

உப்பு சுமக்கும் பெண்களில் அமராவதி என்று ஒருத்தி. வாய் ஜாஸ்தி, மனசு வெள்ளை. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து பாதத்தைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் விரல் இடுக்கெல்லாம் அரித்திருந்தது. தினமும் கண்ணில் படுகிற கால்தான். அன்றைக்கு என்னவோ அமிர்தராஜால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. மரக்காணத்தில் யாரும் வெறுங்காலோடு பாத்தியில் இறங்குவதில்லை. ஒரு யந்திரம் உப்பை வாரி, வாளிச் சங்கிலியால் மேலே தூக்கி, கரையில் குவித்துவிடுகிறது. இதுதான் கதை. படித்துவிட்டு லீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமிர்தராஜ் அதோடு விட்டாரா? யந்திரத்தின் படத்தையும் அளவுகளோடு வரைந்து கூடவே அனுப்பினார். பத்திரிகையில் அதையும் போட்டுவிட்டார்கள்.

கம்பெனி முதலாளி தட்சணாமூர்த்தி கதை படிக்கிறவர் அல்ல. படம் பார்க்கிறவர். பத்திரிகையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது ஓடுமாய்யா?"

'கதைதானேங்க' என்றிருந்தால் முடிந்து போயிருக்கும். அமிர்தராஜ் வாயிலிருந்து, "ஓடும்ங்க" என்றுதான் வந்தது.

"கதைன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம் இல்ல?" என்றாள் லீமா, விஷயத்தைக் கேட்டு. "உப்பு சுமக்கிற பொம்பளைங்க கூலி என்ன ஆவறது?"

"ஓடுறதை ஓடாதுன்னு எப்படிச் சொல்றது?"

பங்குனியில் யந்திரம் பாண்டிச்சேரிப் பட்டறையிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. பெண்கள் கூடையை வைத்துவிட்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள். டீசல் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. நாலடி போவதற்குள் இரும்புச் சக்கரங்கள் பாத்தித் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கின. பிளேடு வாரியதில் உப்பைவிடச் சேறு அதிகம். முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

தட்சணாமூர்த்தி முகம் சுண்டிப்போயிற்று. "தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க."

கோளாறு எங்கே என்று அமிர்தராஜுக்கு அப்போதே தெரியும். அவர் கதையில் எழுதியது அகலமான மர உருளை. பட்டறைக்காரன் கைக்குக் கிடைத்த இரும்புச் சக்கரத்தை மாட்டியிருந்தான். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். யந்திரம் துருப்பிடித்திருக்கும், பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அவருக்கும் இது தெரியாமல் இல்லை. லீமா கேட்டது காதில் இருந்துகொண்டுதான் இருந்தது.

அமராவதி அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள். "போவுது விடுங்க சார். கதையில நல்லா ஓடிச்சு."

அது சுருக்கென்று தைத்தது. அமிர்தராஜ் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். "சக்கரம் தப்புங்க. ஒரு வாரம் டைம் குடுங்க, நான் ஓட்டிக் காட்றேன்."

பனந்துண்டுகளை இழைத்து உருளை செய்து அவரே முன்னால் நின்று மாட்டினார். யந்திரம் தண்ணீரில் நடக்கிற கொக்கு மாதிரி பாத்தியில் அலுங்காமல் போயிற்று. கரையில் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்தது. கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி பெருமையோடு திரும்பிப் பார்த்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தங்கள் கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆடிக்குள் சுமக்கிற பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலர் இரும்பை கிராமத்துப் பக்கம் நிலக்கடலைக் காடுகளில் மல்லாட்டை பிடுங்கப் போனார்கள். சிலர் விடியற்காலை பஸ் பிடித்து, குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு மண் சுமக்கப் போனார்கள். அமராவதி எங்கே போனாள் என்று அமிர்தராஜ் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

பத்திரிகை ஆசிரியர் இரண்டாம் பாகம் கேட்டார். வாசகர்கள் துளைக்கிறார்களாம். அமிர்தராஜ் முதல் கதையை எடுத்து, தொழிலாளர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம் என்று தேடினார். ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'தொழிலாளர்கள் நிழலில் அமர்ந்து இளநீர் பருகினார்கள்.' இளநீருக்குக் காசு யார் கொடுத்தது என்று அவர் எழுதவில்லை. பல்சக்கரத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அவமானத்தில் காது சுட்டது. இரண்டாம் பாகத்தை எழுதிப் பார்த்தார், கிழித்தார், மறுபடி எழுதினார். அந்தப் பெண்களை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குப் பிடிபடவில்லை.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தது. புதுப் பருவத்துக்குப் பாத்திகளைத் தயார் செய்ய வேண்டும். மழையில் இளகிய களிமண்ணை ஆட்கள் வரிசையாக நின்று நாள் கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் தரை கெட்டியாகும். கெட்டியானால்தான் யந்திரம் ஓடும். அதற்கு மட்டும் பழைய பெண்களைக் கூப்பிட்டு விட்டார்கள். வேறு வழியில்லாமல் எல்லாரும் வந்தார்கள். அமராவதியும் வந்திருந்தாள், இளைத்துக் கறுத்து.

அமிர்தராஜ் வரப்பில் நின்றார். பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்து வந்தார்கள். அவர் பக்கம் வந்ததும் அமராவதி நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"மிதிக்கிறதுக்கும் ஒரு மிஷின் எழுதிடாதீங்க சார்."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள்.

"எழுதலம்மா," என்றார். அதற்குப் பிறகு அவர் எதையுமே எழுதவில்லை.